முப்பது வரை எண்ணியவள்

பால் ஆலையில் அவளுக்குப் பட்டப்பெயர் முப்பது. ஒவ்வொரு டேங்க்கின் அடியிலும் சாம்பிள் எடுப்பதற்கென்றே சுண்டுவிரல் பருமனில் ஒரு சிறு குழாய் உண்டு. அதன் வாயை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். முப்பது விநாடி காத்திருக்க வேண்டும். முதலில் வரும் பாலைக் கொட்டிவிட வேண்டும். அப்புறம்தான் புட்டியைப் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் துடைத்த கையோடு புட்டியை நீட்டிவிடுவார்கள். அவள் மட்டும் உதடு லேசாக அசைய முப்பது எண்ணுவாள். நடுவில் யார் என்ன கேட்டாலும் பதில் வராது. பதினோரு வருடத்தில் அவள் கையெழுத்துப் போட்ட சாம்பிள் ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை.

"முப்பது, இன்னைக்கு இருபதோட நிறுத்திக்கோயேன். உள்ள இருக்கற ஆளுக்கும் கால் வலிக்கும்ல," என்றார் டேங்கர் லாரி டிரைவர், அவளுடைய வயிற்றைக் காட்டி.

முப்பது முடிந்தபிறகுதான் அவள் திரும்பினாள். "உள்ள இருக்கற ஆள் உட்கார்ந்துதான் இருக்கு. நிக்கறது நான்."

அன்று மாலை பிரசவ இல்லத்தில் முப்பத்தாறாவது வாரத்துப் பரிசோதனை. வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். டாக்டர் கிடையாது, நான்கு மருத்துவச்சிகள், ஐந்து அறைகள். முன்பு ஒரு குடும்பம் இருந்த வீடு என்பதால் சமையலறை இன்னும் சமையலறையாகவே இருந்தது. சிக்கல் இல்லாத பிரசவங்களை மட்டும் பார்ப்பார்கள். கணவன் கூடவே இருக்கலாம். பிறந்த குழந்தையைத் தாயின் பக்கத்திலிருந்து எடுக்க மாட்டார்கள்.

கடைசி இரண்டுக்காகத்தான் அவள் மூன்றாம் மாதமே இங்கே பெயர் பதிந்து வைத்தாள். நாலு வருடத்துக்கு முன் மூத்த பெண் பிறந்தது பெரிய ஆஸ்பத்திரியில். கணவனை வராந்தாவோடு நிறுத்திவிட்டார்கள். பிறந்ததும் ஒரு நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி, "பாத்துட்டு கொண்டு வர்றோம்" என்று எடுத்துப்போனாள். கையில் கொடுத்தது ஆறு மணி நேரம் கழித்து. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு ஏன் அவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, ஷிஃப்ட் மாறியதில் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்றார்கள். மறந்துபோன குடையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்கள். அந்த ஆறு மணி நேரத்தைப் பற்றி அவள் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. ஆனால் இரண்டாவது குழந்தை என்று தெரிந்த அன்றே, அந்தக் கட்டடத்துக்குள் இனிக் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

மூத்த மருத்துவச்சியை எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும். ரத்த அழுத்தம் பார்த்து, வயிற்றில் கைவைத்துத் தலை எங்கே இருக்கிறது என்று பார்த்து, கடைசியில் ஒரு தாளை எடுத்தார். அடியில் இரண்டு கட்டங்கள்: வேண்டும், வேண்டாம்.

"குரூப் பி ஸ்ட்ரெப்னு ஒரு கிருமிம்மா. அது இருக்கான்னு பஞ்சுக்குச்சியால எடுத்துப் பாக்கற டெஸ்ட் இது. நாலஞ்சு பேர்ல ஒருத்தருக்கு உடம்புல இருக்கும். குடல்ல இருக்கும், கீழயும் இருக்கும். நோய் இல்ல. சுத்தமா இல்லாததால வர்றதும் இல்ல. தானா வரும், தானா போகும். நமக்கு ஒண்ணும் பண்ணாது. பிறக்கறப்போ குழந்தைக்கு ஒட்டிக்கலாம். ஒட்டிக்கிட்டாலும் பெரும்பாலான குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆனா?"

"ஆனா, கிருமி இருக்கற அம்மாக்களோட குழந்தைகள்ல சில நூத்துல ஒண்ணுக்கு அது உடம்புக்குள்ள போயிடும். ரத்தத்துல, நுரையீரல்ல, சில சமயம் மூளையைச் சுத்தி இருக்கற சவ்வுல. போச்சுன்னா வேகமா போகும். அதுக்குத்தான் வலி வந்ததும் அம்மாவுக்கு நரம்புல மருந்து ஏத்தறது. ஏத்தினா ஆபத்து ரொம்பவே குறைஞ்சுடும்."

"இங்கயே ஏத்துவீங்களா?"

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க அந்த வசதி இல்ல. இருக்குன்னு தெரிஞ்சா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்."

அவள் தாளைப் பார்த்தாள். "வேண்டாம்னு போட்டா?"

"போடலாம். சில நாட்டுல எல்லாருக்கும் பண்றாங்க, சில நாட்டுல எல்லாருக்கும் பண்றதில்ல. ரெண்டு பக்கமும் படிச்சவங்கதான் இருக்காங்க. தேவையில்லாம நிறைய பேருக்கு மருந்து போகுதேன்னு ஒரு பக்கம், ஒரு குழந்தை போனாலும் போனதுதானேன்னு ஒரு பக்கம். நீ வேண்டாம்னா இங்கயே பிரசவம் பாக்கலாம். தெரியாதுங்கறதால குழந்தையை முதல் நாள் பூரா கண்ணுல வெச்சுப் பாப்போம். மூச்சு, உடம்புச் சூடு, பால் குடிக்குதா, இப்படி. யோசிச்சு சொல்லு. மூணு நாள் இருக்கு."

வீட்டில் யோசிக்கவிடாமல் பேசுவதற்கு ஆள் இருந்தது. கணவனின் அக்கா தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை. மாலையில் குழந்தைகள் காப்பகத்திலிருந்து மூத்தவளை அழைத்துவந்து விடுவது அவர்தான். கவுண்டரில் வரிசையை நகர்த்துகிற அதே குரலில்தான் வீட்டிலும் பேசுவார்.

"நான் மூணு பெத்தேன். ஒரு பஞ்சு என் கிட்ட வந்ததில்ல."

"உங்களுக்கும் இருந்திருக்கலாம் அண்ணி. தெரியாமலே போயிருக்கும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். தெரியாமலே மூணும் வளந்து இப்போ என்னையே எதுத்துப் பேசுதுங்க. தெரிஞ்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற? இருக்குன்னு வந்தா அந்த ஆஸ்பத்திரிக்குப் போவியா?"

கணவன் லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவிக்கொண்டே குழாயடியிலிருந்து சொன்னான்: "அக்கா, லிஃப்ட்ல ஏதாவது சத்தம் வருதான்னு கேட்டா நிச்சயம் வரும். கேக்காம விட்டா நல்லாத்தான் ஓடும்."

"உன்னை நம்பி ஊரே மேல போயிட்டு வருது. கடவுளே."

"நான் எந்தப் பக்கமும் பேசல. இவ என்ன சொன்னாலும் சரி."

"அது எந்தப் பக்கமும் இல்ல. அது தப்பிக்கறது," என்றாள் அவள்.

மூன்றாம் நாள் 'வேண்டும்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். வேலையில் ஒரு டேங்க்கைக்கூடச் சோதிக்காமல் அனுப்பியதில்லை. சொந்தக் குழந்தை விஷயத்தில் வேண்டாமென்று எழுதக் கை வரவில்லை என்று கணவனிடம் சொன்னாள். அது உண்மைதான், ஆனால் முழு உண்மையில்லை. ஐந்தில் நாலு பேருக்கு இல்லை என்றுதான் வரும். தனக்கும் அப்படித்தான் வரும் என்று அவள் நினைத்தாள். 'இல்லை' என்று ஒரு தாள் கையில் இருந்தால் பிரசவ இல்லத்தில் தான் பார்த்து வைத்திருந்த ஜன்னலோர அறையில் நிம்மதியாகப் படுக்கலாம். அவளுக்கு வேண்டியிருந்தது அந்தத் தாள்.

பஞ்சுக்குச்சியைத் தானே போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றார் சிஸ்டர். முதலில் பிறப்புறுப்பில், பிறகு அதே குச்சியால் ஆசனவாயில். குழாய்க்குள் போட்டு மூடிவிட வேண்டும். "உனக்கு நான் சொல்லித் தரணுமா? நாள் பூரா இதே வேலைதானே," என்று சிரித்து, செய்முறைத் தாளையும் கையில் கொடுத்தார். அவளும் சிரித்தாள். தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

கழிப்பறை சின்னது, ஆனால் பளிச்சென்று இருந்தது. வாஷ்பேசினுக்கு மேலே கிருமிநாசினி ஈரத்தாள் டப்பா. சிறுநீர் சாம்பிள் எடுப்பவர்கள் துடைத்துக்கொள்வதற்காக வைத்தது. அவள் ஒன்றை உருவி, நாலாக மடித்து, முன்னிருந்து பின்னாகத் துடைத்தாள். இன்னொன்றை எடுத்து மறுபடி துடைத்தாள். சுவரில் கைவைத்து நின்றாள். பிறகு குச்சியைப் பிரித்தாள். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் ஆகவில்லை. வெளியே வந்து குழாயை நீட்டியபோது, "அதுக்குள்ளயா?" என்றார் சிஸ்டர்.

"பழக்கம்," என்றாள்.

நாலாம் நாள் செல்போனில் செய்தி வந்தது: கிருமி காணப்படவில்லை. கணவன் அதை மூன்று தடவை உரக்கப் படித்தான். அண்ணி, "அதான் நான் அப்பவே சொன்னேனே" என்றார். டெஸ்ட்டே வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான் என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. மூத்தவள் புரியாமலே கைதட்டினாள். அன்று அவள் முதுகு வலியைக்கூட மறந்து, குழந்தைத் துணிகளைத் துவைத்து மாடிக் கொடியில் காயப்போட்டாள்.

மறுநாள் காலை, விடுப்புக்கு இன்னும் நாலே நாள் இருக்க, நாலாம் நம்பர் டேங்க்கின் அடியில் குனிந்தாள். இப்போதெல்லாம் குனிவது என்றால் ஒரு முழங்காலை ஸ்டூலில் ஊன்றி, ஒரு கையால் டேங்க்கின் காலைப் பிடித்து இறங்க வேண்டும். குழாயின் வாயைத் துடைத்தாள். எண்ண ஆரம்பித்தாள். இருபத்திரண்டில் நின்றுவிட்டாள்.

அங்கேயும் எண்ணியிருந்தாள். கழிப்பறைச் சுவரில் கைவைத்து, வெள்ளை ஓட்டின் ஓரத்தில் இருந்த விரிசலைப் பார்த்தபடி, முப்பது எண்ணியிருந்தாள்.

"என்ன முப்பது, ஸ்டக் ஆயிடுச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

அவள் எழுந்து லேபுக்குப் போய் உட்கார்ந்தாள். கைப்பையில் அந்தச் செய்முறைத் தாள் மடித்தபடியே இருந்தது. நாலாவது வரி: எடுப்பதற்கு முன் அந்த இடத்தைக் கழுவவோ, கிருமிநாசினியால் துடைக்கவோ வேண்டாம்.

தப்பு என்ன என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாலைச் சோதிக்கும்போது குழாயின் வாயைத் துடைப்பது, கேள்வி பாலைப் பற்றியது என்பதால்; வாயில் இருக்கும் அழுக்கு பாலின் கணக்கில் சேரக் கூடாது. மாதத்துக்கு ஒருமுறை குழாயின் வாயையே சோதிப்பார்கள். அன்று யாராவது ஸ்பிரிட்டைத் தொட்டால் அவளே திட்டுவாள். போன வருடம் புதிதாக வந்த பெண் ஒருத்தி அப்படித் துடைத்துவிட்டு எடுத்தபோது, "துடைச்ச இடத்துல கிருமி இல்லன்னு கண்டுபிடிக்க நீ எதுக்கு, நான் எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறாள்.

மதியம்வரை வேலை ஓடியது. கை தன் பாட்டுக்குச் செய்தது. மனம் வேறொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தது. பழக்கத்தால்தான் துடைத்தோமா? ஒரு நாளைக்கு இருபது குழாய் துடைக்கிற கை, டப்பாவைப் பார்த்ததும் நீண்டுவிட்டது என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். ஆனால் அந்தத் தாளைப் படிக்காமல் மடித்து வைத்தது எந்தப் பழக்கம்? புது இயந்திரம் வந்தால் கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை படிக்கிற ஆள் அவள். 'இல்லை' என்று வர வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டவளின் கை, கொஞ்சம் கூடுதலாகவே சுத்தம் பார்த்துவிட்டதா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. தன்னைத்தானே விசாரிக்கிற ஆள் இரண்டு பக்கமும் பொய் சொல்லலாம் என்பது மட்டும் தெரிந்தது.

சும்மா இருந்துவிடலாம். ஐந்தில் நாலு பங்கு அந்த ரிசல்ட் உண்மையாகவே இருக்கும். மீதி ஒரு பங்கிலும் சில நூற்றில் ஒன்று. கணக்கு அவள் பக்கம்தான் இருந்தது. ஆரம்பத்திலேயே வேண்டாம் என்று டிக் போட்டிருந்தாலும் இதே நிலைமைதானே என்று ஒரு குரல் சொன்னது. அந்த இடத்தில்தான் இடித்தது. வேண்டாம் என்று போட்டிருந்தால் சிஸ்டர் குழந்தையை முதல் நாள் முழுக்கக் கண்ணில் வைத்துப் பார்த்திருப்பார். இப்போது கோப்பில் 'இல்லை' என்று இருக்கிறது. குழந்தை பால் குடிக்காமல் முனகினால், களைப்பு என்பார்கள். உடம்பு சுட்டால் போர்வை அதிகம் என்பார்கள். அவளுடைய அந்த 'இல்லை' மற்றவர்களின் கண்ணையும் சேர்த்து மூடிவிடும்.

சாயங்காலம் கணவன் வந்ததும் சொன்னாள். மூத்தவள் தரையில் உட்கார்ந்து பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் ஷூவைக் கழற்றாமலே கேட்டான்.

"சரி. துடைச்சுட்ட. சுத்தமாத்தானே இருந்த? அது நல்லதுதானே?"

"கிருமி இருந்தாலும் அன்னைக்கு மட்டும் மறைஞ்சிருக்கும். இல்லாமயும் இருக்கலாம். அந்த ரிசல்ட்டுக்கு அர்த்தமே இல்ல."

"அர்த்தம் இல்லன்னு உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"ஆமா."

"விட்டுடேன்." அவன் மெதுவாகத்தான் சொன்னான். "அந்த ஆஸ்பத்திரிக்கு மறுபடி போகணும்னா நீ எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியும். மூத்தவ பிறந்தப்போ மூணு மாசம் நீ அவளைத் தொட்டில்லகூட போடல. ராத்திரி எல்லாம் கையிலயே வெச்சிருந்த. அதை நான் பாத்தேன். இந்தக் கிருமியை நான் பாக்கல."

அவள் எதிர்பார்க்கவில்லை, அவன் அதையெல்லாம் எண்ணி வைத்திருப்பான் என்று. பிறகு, "நீங்க ஒரு லிஃப்ட்டை செக் பண்ணாமலே ஓகேன்னு எழுதுவீங்களா?" என்றாள்.

கோபமாக ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தாள். அவன் ஒரு ஷூவை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"ஒரு தடவை எழுதியிருக்கேன்."

"எப்போ?"

"கல்யாணத்துக்கு முன்னாடி. ஆறு மாடி கட்டடம். சாயங்காலம் ஆயிடுச்சு, மழை வேற. பிரேக்கைப் பாக்கல. பாத்தேன்னு எழுதிட்டு கிளம்பிட்டேன்."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அடுத்த மாசம் போய்ப் பாத்தேன், எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஒண்ணுமே ஆகல." இரண்டாவது ஷூவையும் கழற்றினான். "ஆனா இன்னைக்கும் அந்தக் கட்டடத்துல வேலைன்னா நான் படியேறித்தான் போவேன். லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவன் படியில மூச்சு வாங்கிட்டு வர்றானேன்னு வாட்ச்மேன் சிரிப்பான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த அதே வேகத்தில் கண்ணும் நிறைந்தது. மூத்தவள் நிமிர்ந்து பார்த்து, "அம்மா சிரிக்கறியா அழறியா?" என்று கேட்டாள்.

"ரெண்டும்டா."

"ஒண்ணு பண்ணு," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு அவள் பெட்டிகளுக்குத் திரும்பினாள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியிலேயே பிரசவ இல்லத்துக்குப் போனாள். சிஸ்டர் படுக்கைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னாள், உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தோன்றியது. சிஸ்டர் உறையின் நுனியைப் பிடித்தபடி கேட்டார்.

"ரெண்டு தடவை துடைச்சியா?"

"ரெண்டு தடவை. முப்பது எண்ணினேன்."

"முப்பது வேறயா!" சிஸ்டர் படுக்கையில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. "என் தப்பும் இருக்கு. உனக்குத் தெரியும்னு நானே வாய் திறக்கல. அந்த டப்பாவை அங்க வெச்சதும் நாங்கதான்." அவளை நிமிர்ந்து பார்த்து, "இதை யாருமே வந்து சொல்ல மாட்டாங்கம்மா," என்றார்.

"மறுபடி எடுத்தா, இருக்குன்னு வந்தா?"

"வந்தா இங்க முடியாது. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"இப்பவும் வேண்டாம்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு. பழைய ரிசல்ட்டை அடிச்சுட்டு, தெரியாதுன்னு எழுதிக்கறேன். குழந்தையைக் கூடுதலா பாத்துப்போம். அதுவும் ஒரு வழிதான்."

அந்த வழி ஒன்று மிச்சம் இருக்கிறது என்பதை அவள் நினைத்துப் பார்க்கவேயில்லை. அந்த அறையும் கிடைக்கும், பொய்யும் இருக்காது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நேற்று முழுக்கத் தனக்குத் தானே கேட்டுக்கொண்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று அவளுக்குப் பட்டது. தெரியாமல் இருப்பதோடு சிலர் நிம்மதியாக இருக்கலாம். அண்ணி இருந்தார், மூன்று குழந்தைகளும் நன்றாக இருந்தார்கள். அது அவர்களுக்குச் சரி. ஆனால் ஆசைப்பட்டுத் துடைத்தோமா என்று ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்ட பிறகு, அந்த அறையில் படுத்துக்கொண்டு பிறந்த குழந்தையின் ஒவ்வொரு மூச்சையும் எண்ண வேண்டியிருக்கும். எண்ணுவதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது.

"குச்சியைக் குடுங்க சிஸ்டர்."

இந்தத் தடவை தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். அவள் உள்ளே போவதற்கு முன் சிஸ்டர் குறுக்கே போய் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

இருக்கிறது என்று வந்தது. சிஸ்டரே போன் செய்து சொன்னார். அவள் மாடிக் கொடியின் கீழே நின்று கேட்டாள். முதலில் வந்தது பயமில்லை. இத்தனைக்கும் நடுவில் வெட்கம் கெட்டு ஒரு ஏமாற்றம், கேட்ட பொம்மை கிடைக்காத குழந்தைக்கு வருவதுபோல. ஐந்து நிமிடம் துணிகளுக்கு நடுவில் நின்று அழுதாள். கீழே வந்தபோது அண்ணி வாசலில் மூத்தவளோடு இருந்தார். முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு அண்ணி."

அண்ணி மூத்தவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாகக் குரலைத் தாழ்த்தினார். "நான் லீவு போடறேன். குட்டி என் கிட்ட இருக்கட்டும். நீ எப்போ வேணா கிளம்பு," என்றார். உடனேயே பழைய குரல் வந்துவிட்டது: "அந்த ஆஸ்பத்திரியில போன தடவை மாதிரி ஏதாவது பண்ணினா, நான் வந்து நிப்பேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும்."

வலி வந்தபிறகு கேட்க முடியாததையெல்லாம் இப்போது கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்குப் போன் செய்தாள். மூன்று பேர் கை மாறி, நாலாவதாக வந்தவள் வார்டு நர்ஸ். இளம் குரல், எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"குழந்தை பிறக்கறதுக்கு நாலு மணி நேரமாவது முன்னாடி மருந்து ஏறிடணும்னு சொன்னாங்க. ரெண்டாவது பிரசவம், சீக்கிரம் ஆகலாம். முன்வாசல்ல பதிவு பண்ணிட்டு வரணும்னா எவ்வளவு நேரம் ஆகும்?"

"முன்வாசலுக்கு வராதீங்க. பக்கவாட்டு வாசல், நேரா ரெண்டாவது மாடி. கோப்பை நாங்க இப்பவே போட்டு வெச்சுக்கறோம்."

"கணவர் உள்ள வரலாமா?"

"ஒருத்தர் வரலாம். போன வருஷத்துலேர்ந்து."

"குழந்தையை எங்கயாவது எடுத்துட்டுப் போனா, எதுக்கு, எவ்வளவு நேரம்னு சொல்லிட்டுப் போவீங்களா? அவர் கூடவே போவார்."

மெல்லுவது நின்றது. "முதல் பிரசவம் எங்க?"

"அங்கதான்."

"எழுதிக்கறேன்," என்றாள் நர்ஸ். "கூடவே போகலாம்னு கோப்புலயே எழுதிடறேன். நான் லீவுல இருந்தாலும் இருக்கும்."

"நாளைக்கு ஒரு தடவை வந்து வழியைப் பாத்துட்டுப் போகலாமா?"

"வலி இல்லாமலா? வாங்க. இப்படி யாரும் வர மாட்டாங்க, அவ்வளவுதான்."

மறுநாள் மதியம் கணவன் அரை நாள் விடுப்பு எடுத்தான். வீட்டு வாசலிலிருந்து வாடகைக் காரில் ஏறிய நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்து வைத்துக்கொண்டான். பக்கவாட்டு வாசலில் இறங்கியதும், வலி வந்தவள் எப்படி நடப்பாளோ அப்படி நட என்றான். அவள் பத்து அடிக்கு ஒருமுறை சுவரைப் பிடித்து நின்றாள். இரண்டாவது தடவை நின்றபோது ஒரு துப்புரவுப் பணியாளர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். "ஒண்ணும் இல்லண்ணா, சும்மா பழகிப் பாக்கறோம்," என்று கணவன் சொன்னதும் அவர் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிரசவத்துக்கா? நல்லா பழகுங்க," என்று போனார்.

வார்டுக் கதவை எட்டியபோது இருபத்தாறு நிமிடம். உள்ளே அதே நீளமான அறைதான்; திரைகள் மட்டும் புதிது. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கணவன் முன்னால் போகவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அங்கேயே கூட நின்றான்.

போனில் பேசிய நர்ஸ் அவர்களைப் பார்த்து எழுந்து வந்தாள். "கேள்வி கேட்டவங்களா? உள்ள வாங்க. கடைசி படுக்கை காலியாத்தான் இருக்கு, வேணும்னா உட்கார்ந்து பாருங்க."

அவள் உட்கார்ந்தாள். மெத்தை இறுக்கமாக இருந்தது. தலைமாட்டில் மருந்துப் பாட்டில் தொங்கவிடும் கம்பி. அடியில் சக்கரம் இருந்ததால் அதைத் தள்ளிக்கொண்டே நடக்கலாம் என்றாள் நர்ஸ். மருந்து ஏறுவது ஒரே மூச்சில் இல்லை, சில மணி நேரத்துக்கு ஒருமுறை என்றாள். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டாள்.

அவள் யோசித்தாள். "ஊசி எந்தக் கையில போடுவீங்க?"

"எந்தக் கையில வேணும்?"

"இடது கையில போடுங்க. வலது கை எனக்கு வேணும்."

"எதுக்கு?"

அவள் வாய் திறப்பதற்குள் திரைக்குப் பக்கத்திலிருந்து கணவன் சொன்னான்: "என்னை அடிக்கறதுக்கு."

நர்ஸ் சிரித்துக்கொண்டே கோப்பைத் திறந்து, இடது கை என்று எழுதினாள். அவள் எட்டிப் பார்த்தாள். மேலே, நேற்றைய தேதியில், 'குழந்தையுடன் தந்தை செல்வார்' என்று ஒரு வரி இருந்தது. எழுத்து கோணல். அதன் கீழே கையெழுத்து இல்லை.

"கையெழுத்தும் போட்டுடுங்களேன்," என்றாள்.

நர்ஸ் பேனாவை மறுபடி திறந்து இரண்டு வரிக்கும் போட்டாள்.